ரேடியேட்டருக்குள் ஒளிந்திருந்த கியர் பொக்ஸ் செலவு

2023ஆம் ஆண்டு ஒரு திருமண ஹயர். பேருவளையிலிருந்து கண்டிக்குப் போன எனது வேன் கடுகண்ணாவை ஏற்றத்தில் உதறத் தொடங்கியது. எஞ்சின் இரைகிறது, வேகம் ஏறவில்லை. சாரதி தம்பி தொலைபேசியில் சொன்னபோது நான் அவரைத்தான் ஏசினேன். "ஏத்தத்துல கியரப் போட்டு இழுத்திருப்பீங்க" என்றேன். அந்த வார்த்தைக்காகப் பின்னர் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

மறுநாள் ஊரில் ஒரு கராஜில் காட்டினோம். கியர் ஒயில் பழுதாகிவிட்டது என்று புது ஒயில் மாற்றித் தந்தார்கள். பழைய ஒயில் ஏன் இளஞ்சிவப்பு நிறத்தில் நுரைத்திருந்தது என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மேலும் ஒன்பது நாட்கள் அந்த வேன் ஹயர் ஓடியது. பத்தாம் நாள் ரிவர்ஸ் விழவில்லை.

பிறகுதான் மாவனல்லையில் ஒட்டோ கியர் மட்டுமே செய்யும் ஒரு பாஸிடம் கொண்டு போனேன். அவர் கியர் பொக்ஸைத் தொடவே இல்லை. முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். விரலை விட்டு எடுத்தார், பிசுபிசுவென்று ஒரு களி. அடுத்து டிப் ஸ்டிக்கை இழுத்தார், பால் கலந்த ரோஸ் நிறம். "நானா, இனி ஸ்டார்ட் பண்ண வாணாம். தண்ணியும் ஒயிலும் ஒண்டா கலந்து ஈக்கிது" என்றார்.

ஒட்டோ கியர் வாகனத்தில் டோர்க் கொன்வேர்ட்டர் என்ற பாகம் ஒயிலைச் சுழற்றித்தான் சக்தியைக் கடத்துகின்றது. அதனால் ஒயில் கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்க இரண்டு குழாய்கள் வழியாக ஒயில் ரேடியேட்டருக்குப் போய் வருகின்றது. ரேடியேட்டரின் அடியிலோ பக்கத்திலோ உள்ள தாங்கிக்குள் ஒரு சிறிய கூலர் மூழ்கிக் கிடக்கிறது. உள்ளே ஒயில், வெளியே கூலண்ட். இரண்டுக்கும் நடுவே மெல்லிய உலோகச் சுவர் ஒன்றும், குழாய் பொருந்தும் இடத்தில் இறப்பர் வளையங்களும்தான் காவல்.

அந்தச் சுவர் துளைபட்டால் நடப்பது இதுதான். வாகனம் ஓடும்போது பெரும்பாலும் ஒயிலின் அமுக்கமே கூடுதல், ஆகவே ஒயில் கூலண்டுக்குள் தள்ளப்படும். எஞ்சினை நிறுத்தியதும் கியர் பொக்ஸ் பம்ப் ஓய்ந்துவிடும். சூடான ரேடியேட்டரிலோ அமுக்கம் இன்னும் இருக்கும். அப்போது கூலண்ட் ஒயிலுக்குள் புகும். இதை பாஸ் விளக்கியபோதுதான், நான் நிம்மதியாகத் தூங்கிய ஒன்பது இரவுகளும் கியர் பொக்ஸுக்குள் தண்ணீர் இறங்கிய இரவுகள் என்பது விளங்கியது.

தண்ணீர் புகுந்தால் ஒயிலை மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். கியர் பொக்ஸுக்குள் இருக்கும் கிளச் தட்டுகளின் மேற்பரப்பு ஒரு வகைக் கடதாசிப் பொருள், இரும்புத் தட்டில் பசையால் ஒட்டப்பட்டது. அது தண்ணீரையும் கூலண்டையும் உறிஞ்சி ஊறிப் போகும், பிறகு உரியும். உரிந்த துகள்கள் வால்வுகளின் நுண்ணிய வழிகளை அடைக்கும். ஆரம்பத்தில் இலேசான உதறல், பிறகு வழுக்கல், கடைசியில் கியர் விழாது. எனது வேன் இந்த மூன்று படியையும் வரிசையாகக் கடந்திருந்தது.

இது ஒரு மூலையில் நடக்கும் அபூர்வக் கோளாறு அல்ல. அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையான நிசான் பாத்பைண்டர், எக்ஸ்டெரா, புரொன்டியர் வாகனங்களில் இதே கோளாறு பரவலாக வந்தது. கலங்கிய நிறத்தைப் பார்த்து உரிமையாளர்கள் அதற்கு ஸ்ட்ரோபெரி மில்க் ஷேக் என்றே பெயர் வைத்தார்கள். கம்பனி அந்த ரேடியேட்டருக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வரை நீடித்தது. வழக்கு இணக்கத்துக்கு வந்தபின் அது 10 ஆண்டு அல்லது 100,000 மைல் ஆனது, அந்த மேலதிகத் தூரத்துக்கு உரிமையாளரும் ஒரு பங்கைச் சுமக்க வேண்டியிருந்தது. ரீகண்டிஷன் வாகனம் வாங்கும் நமக்கு இப்படியான உத்தரவாதம் ஏது? முழுச் செலவும் நமது சட்டைப் பையிலிருந்துதான்.

எனது வேனில் பழுது உற்பத்தியில் வந்ததல்ல. கூலண்ட் விலை கூடுகிறது என்று இரண்டு வருடமாக வீட்டுக் கிணற்று நீரையே ஊற்றச் சொன்னவன் நான். கரையோரத்துக் கிணறு, உப்புச் சுவை நாக்குக்கே தெரியும். கூலண்டில் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் மருந்து உண்டு. வெறும் நீரில் அது இல்லை. உப்பு நீர் அந்த மெல்லிய சுவரை உள்ளிருந்தே தின்றது. தம்பியை ஏசியது எவ்வளவு தவறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கணக்கைச் சொல்கிறேன். புதிய ரேடியேட்டரின் விலை எனது ஒரு மாத லீசிங் கட்டணத்தை விடக் குறைவு. ஆனால் கியர் பொக்ஸைப் பிரித்து கிளச் தொகுதி, டோர்க் கொன்வேர்ட்டர் எல்லாம் செய்ய ஐந்து மாதக் கட்டணத்துக்கு மேல் போயிற்று. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பிறகு உதிரிப்பாக விலைகள் எங்கே போயின என்பது நமக்குத் தெரியும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறக்கப்பட்டது. எனவே அன்று விற்றுவிட்டு வேறு வாங்கும் வழியும் இருக்கவில்லை. வேன் நின்ற நாட்களின் ஹயர் வருமானத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

ஒயில் நிறம் மாறியதாகக் கண்டால் முதல் வேலை எஞ்சினை நிறுத்துவது. கராஜ் வரை ஓட்டிப் போகலாம் என்று எண்ண வேண்டாம். கட்டி இழுப்பதிலும் கவனம் தேவை. எஞ்சின் ஓடாதபோது கியர் பொக்ஸுக்குள் ஒயில் சுற்றாது, ஆகவே இயக்கும் சில்லுகள் தரையில் உருளாதவாறு தூக்கியே கொண்டு போக வேண்டும். ஹெட் கெஸ்கட் என்று சொல்லி எஞ்சினைக் கழற்ற வரும் பாஸ்மாரும் உண்டு. எஞ்சின் ஒயில் சுத்தமாக இருந்து கியர் ஒயில் மட்டும் பால் போலிருந்தால் சந்தேகம் கூலர் மீதே விழ வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றி, கூலரின் ஒரு வாயை அடைத்து மறு வாயால் காற்றைச் செலுத்தித் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும்.

பழுதான கூலரை ஒட்டிப் பார்ப்பது வீண் வேலை. ரேடியேட்டரையே மாற்றுங்கள். கியர் பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றி ஒயில் வடித்தால் பாதிகூட வெளியே வராது, மிச்சம் கொன்வேர்ட்டருக்குள் நிற்கும். கூலர் குழாய் வழியாகப் பழைய ஒயிலை வெளியேற்றிப் புதியதை ஏற்ற வேண்டும், பில்டரும் மாற வேண்டும், சில நாள் ஓடியபின் மறுபடி ஒரு தடவை. அதுவும் உடனே கண்டுபிடித்தவருக்குத்தான் கைகொடுக்கும். எனக்குக் கைகொடுக்கவில்லை. கூலண்ட் பக்கத்தையும் பல தடவை கழுவி, ஒயிலில் ஊறி வீங்கிய இறப்பர் ஹோஸ்களை மாற்றினோம்.

பஞ்சிகாவத்தையில் பழைய ரேடியேட்டர் வாங்குவோர் வெளியே சீப்புப் போன்ற தகடுகளை மட்டும் பார்த்து வாங்குகின்றார்கள். உள்ளே இருக்கும் கூலரைக் காற்றடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பழைய ஒட்டோ வாகனம் வாங்கும்போதும், எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். கூலண்டும் சிவப்பு, கியர் ஒயிலும் சிவப்பு என்று குழம்ப வேண்டாம். நல்ல கூலண்ட் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்.

எனது இரண்டு வேன்களிலும் இப்போது கியர் ஒயிலுக்குத் தனிக் கூலர், ரேடியேட்டருக்கு முன்னால், காற்றில் ஆறும் வகை. ஒயில் ரேடியேட்டருக்குள் போவதே இல்லை. குளிர் நாடுகளில் ஒயிலைச் சூடாக்கவும் ரேடியேட்டர் உதவும் என்கிறார்கள், பேருவளையில் அந்தத் தேவை இல்லை. கியர் ஒயிலுக்குரிய ஹோஸையே போட்டோம், அது எங்கும் உரசாமலும் கட்டினோம். கிணற்று வாளி வேன் பக்கம் வருவதில்லை. மாதத்தில் ஒரு தடவை தம்பி டிப் ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து, அந்தத் துணியை என்னிடம் கொண்டுவந்து காட்டுகின்றார்.