ஏல மேசையும் மலையக மைதானமும்

கிரிக்கெட் பருவகாலம் முடிவடைந்து மைதானங்கள் வெறிச்சோடிக் கிடக்கும் மாதங்களில்தான் அடுத்த பருவத்தின் வெற்றி தோல்விகள் பெருமளவுக்குத் தீர்மானிக்கப்படுகின்றன. எவரை வைத்துக்கொள்வது, எவரை விடுவிப்பது, எவரைப் புதிதாக வாங்குவது என்ற மூன்று கேள்விகளுக்கும் அணி உரிமையாளர்கள் மூடிய அறைகளுக்குள் விடை தேடுகின்றனர். அவ்விடைகள் வெளியாகும்போது இரசிகர்கள் மகிழ்வதும் மனம் வெதும்புவதும் வழமையாகிவிட்டது. 2025 நவம்பரில் சென்னை சுப்பர் கிங்ஸ் அணி எடுத்த தீர்மானங்கள் ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை ஆகிய நகரங்களின் தேநீர்க் கடைகளிலும் விவாதப்பொருளாக அமைந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. மலையகத் தமிழ், முஸ்லிம் இளைஞரிடையே அவ்வணிக்கு இரசிகர்கள் ஏராளம். அத்துடன் விடுவிக்கப்பட்டவர்களுள் கண்டி மண்ணின் மைந்தரான மத்தீஷ பத்திரனவும் ஒருவர்.

நடந்தவற்றை முதலில் வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டுத் தொடரில் சென்னை அணி 14 போட்டிகளில் நான்கில் மாத்திரமே வென்று, தனது வரலாற்றில் முதன்முறையாகப் பத்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. ஐந்து தடவை கிண்ணம் வென்ற அணிக்கு அது பேரிடியாகும். அதனைத் தொடர்ந்து நவம்பர் 15ஆம் திகதியன்று வெளியான பட்டியலில் பெரும் மாற்றங்கள் காணப்பட்டன. 2012 முதல் அவ்வணியின் தூணாக விளங்கிய ரவீந்திர ஜடேஜாவும் இங்கிலாந்தின் சாம் கரனும் ராஜஸ்தான் ரோயல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டு, பதிலாக விக்கெட் காப்பாளரும் துடுப்பாட்ட வீரருமான சஞ்சு சாம்சன் பெறப்பட்டார். பத்திரன, டெவோன் கொன்வே, ரச்சின் ரவீந்திரா முதலியோர் விடுவிக்கப்பட்டனர்.

இத்தகைய தீர்மானங்கள் விருப்பு வெறுப்பினால் எடுக்கப்படுபவை எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் இவை கணக்கினால் எடுக்கப்படுபவை. இந்தியன் பிரீமியர் லீக்கில் ஓர் அணி ஆகக்கூடியது 25 வீரர்களையே வைத்திருக்கலாம். அவர்களுள் வெளிநாட்டவர் எண்மருக்கு மேற்படலாகாது. களமிறங்கும் பதினொருவருள் வெளிநாட்டவர் நால்வர் மாத்திரமே. வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. ஆகவே, ஒருவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாத ரூபாவாகும். குடும்பச் செலவை நடத்தும் ஒரு தாய், மாதச் சம்பளத்தை அரிசிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் மருந்துக்கும் பங்கிடுவதை ஒத்ததே இது.

இக்கணக்கிலேயே பத்திரனவின் விடயத்தையும் நோக்க வேண்டும். 2022இல் காயமடைந்த அடம் மில்னுக்குப் பதிலாக, வெறும் 20 இலட்சம் இந்திய ரூபாவுக்கு அவர் சென்னை அணியில் இணைக்கப்பட்டார். 2023இல் 12 போட்டிகளில் 19 விக்கெட்டுகளை வீழ்த்தி, அணி ஐந்தாவது கிண்ணத்தை வெல்வதற்குத் துணைநின்றார். 2024இல் ஆறு போட்டிகளில் 13 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்த நிலையில், காயம் காரணமாக இடைநடுவில் நாடு திரும்ப நேர்ந்தது. ஆயினும் அவரை 13 கோடி ரூபாவுக்கு அணி தக்கவைத்துக்கொண்டது. 2025இல் 12 போட்டிகளில் 13 விக்கெட்டுகளே கிடைத்தன. ஓர் ஓவருக்குப் பத்து ஓட்டங்களுக்கு மேல் விட்டுக்கொடுத்தார். இருபது இலட்சத்துக்குக் கிடைத்தபோது பெரும் இலாபமாக இருந்த வீரர், பதின்மூன்று கோடிக்குச் சுமையாகத் தோன்றினார். அவரது திறமை மறைந்துவிடவில்லை. விலைக்கும் பயனுக்கும் இடையிலான விகிதமே மாறிற்று.

ஆனால் ஓர் அணியின் கணக்கு மற்றோர் அணியின் கணக்காகாது. 2025 டிசெம்பர் 16ஆம் திகதி அபுதாபியில் நடைபெற்ற ஏலத்துக்கு, அன்ட்ரே ரஸல், வெங்கடேஷ் ஐயர் போன்றோரை விடுவித்துவிட்டு 64 கோடி 30 இலட்சம் ரூபாவுடன் வந்திருந்தது கொல்கத்தா நைட் ரைடர்ஸ். அவ்வணி பத்திரனவை 18 கோடிக்கு வாங்கியது. சென்னை சுமையெனக் கருதிய விலையிலும் பார்க்க ஐந்து கோடி அதிகம்! அதே அணி அவுஸ்திரேலியாவின் கமரன் கிறீனை 25 கோடி 20 இலட்சத்துக்கு எடுத்தது. எனினும் இத்தகைய சிறு ஏலங்களில் வெளிநாட்டு வீரர் ஒருவருக்குக் கையில் கிடைக்கக்கூடியது ஆகக்கூடியது 18 கோடியே என்பதும், மிகுதி இந்தியக் கிரிக்கெட் சபையின் வீரர் நலன்புரி நிதிக்குச் செல்லும் என்பதும் விதியாகும். எனவே ஏலத்தில் பெரும் புகழ் பெற்ற கிறீனும் நமது பத்திரனவும் பெறும் தொகை ஒன்றேயாகும்.

மறுபுறத்தில் சென்னை அணி, கைவசமிருந்த 43 கோடி 40 இலட்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இரு இளைஞர்களுக்காகச் செலவிட்டது. இருபது வயதான பிரசாந்த் வீர், பத்தொன்பது வயதான கார்த்திக் சர்மா ஆகியோர் தலா 14 கோடி 20 இலட்சத்துக்கு வாங்கப்பட்டனர். சர்வதேசப் போட்டிகளில் ஆடாத இந்தியர் எவருக்கும் அதற்கு முன்னர் அத்தகைய தொகை கிடைத்ததில்லை. அனுபவஸ்தர்களை நம்பியே வளர்ந்த அணியொன்று இளமையை நோக்கித் திரும்பியது என்பதே இதன் பொருள்.

இரசிகனின் உணர்வு இங்கு எடுபடுவதில்லை. நமது முரளிதரனின் அனுபவமும் இதற்குச் சான்றாகும். 2008 பெப்ரவரியில் நடைபெற்ற முதலாவது ஏலத்தில் அவரை 6 இலட்சம் டொலருக்குச் சென்னை வாங்கியது. 2010இல் அவ்வணி தனது முதற் கிண்ணத்தை வென்றபோது அவரும் அதிலிருந்தார். அடுத்த ஆண்டே அவர் 11 இலட்சம் டொலருக்குக் கொச்சி அணிக்குச் சென்றார். அந்தக் கொச்சி அணியோ ஒரே பருவத்துடன் கலைக்கப்பட்டது. டெஸ்ட் வரலாற்றில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய ஒரே பந்துவீச்சாளருக்கே நிரந்தர இருக்கை கிடைக்கவில்லை என்றால், ஏனையோர் பற்றிக் கூறவேண்டியதில்லை.

வீரரை ஓர் அணியிலிருந்து மற்றோர் அணிக்கு மாற்றும் வழக்கம் கிரிக்கெட்டுக்குப் புதியதாயினும் உலகுக்குப் பழையது. அமெரிக்காவின் பேஸ்போல் விளையாட்டில் அது நூறாண்டுகளுக்கு மேலாக வேரூன்றியுள்ளது. பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணி பேப் ரூத் என்ற ஒப்பற்ற வீரரை நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கு விற்றமை 1920 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. 1918இல் வாகை சூடியிருந்த பொஸ்டன் அதன் பின்னர் மீண்டும் வாகை சூடுவதற்கு 2004 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் வீரர்மீது அணிக்கு உரிமை இருந்தது. வீரர் தாமாக வேறிடம் செல்ல முடியாது. அணி விரும்பினால் அவரைக் கேளாமலே கைமாற்றிவிடலாம். 1969இல் கேர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர் தம்மை வேறு அணிக்கு மாற்றியதை ஏற்க மறுத்து, 1970 ஜனவரியில் நீதிமன்றத்தை நாடினார். 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் அவர் தோற்றார். ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. 1975 டிசெம்பரில் வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பொன்று, ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் விரும்பிய அணியுடன் பேரம்பேசும் வழியைத் திறந்துவிட்டது.

இவ்வரலாறு மலையக மக்களுக்கு அந்நியமானதன்று. தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்கள் மாற்றப்பட்ட கதையை அவர்களின் பாட்டன், பூட்டன்மார் தம் உடலாலேயே எழுதியவர்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி, வழிச்செலவுக்கும் முற்பணத்துக்குமாகக் கங்காணியிடம் கடன்பட்டான். கங்காணியின் கூட்டம் வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின், புதிய துரை அக்கடனைத் தீர்க்க வேண்டும். கடன் தீர்ந்தால் ஆட்களை விடுவிக்கச் சம்மதம் எனப் பழைய துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே 'துண்டு' எனப்பட்டது. அச்சீட்டு கைமாறும்போது மனிதர்களும் கைமாறினர். அவர்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. 1921ஆம் ஆண்டின் சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்பட்டது.

கோடிகளைப் பெறும் விளையாட்டு வீரரையும் கடனில் பிணைக்கப்பட்ட தொழிலாளியையும் ஒரே தராசில் நிறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது அத்தொழிலாளிக்குச் செய்யும் அநீதியாகிவிடும். எனினும் ஒரு கொள்கை இரண்டுக்கும் பொதுவானது. மனிதரை மாற்றும் எந்த ஏற்பாட்டிலும் அம்மனிதரின் சம்மதமே நீதியின் அளவுகோலாகும். இந்தியன் பிரீமியர் லீக்கில் வீரரின் ஒப்புதலின்றி அணி மாற்றம் நடைபெற முடியாது. ஜடேஜாவின் மாற்றமும் அவ்வாறே அமைந்தது. அவரது ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தபோதிலும் அவர் அதற்கு இணங்கினார். ஆனால் ஏலத்தில் பெயர் கொடுத்த வீரருக்குத் தம்மை எவர் வாங்குவது என்பதில் எந்தக் குரலும் இல்லை. அந்தளவில் முறைமை இன்னும் முழுமை பெறவில்லை என்றே கூற வேண்டும்.

இனி, நம்மை நெருங்கி நிற்கும் கேள்விக்கு வருவோம். இந்த ஏல மேசைக்கு மலையகத்தின் பிள்ளை எப்போது செல்வான்?

மத்திய மலைநாட்டில் கிரிக்கெட் நேற்று வந்ததன்று. பிரித்தானியத் துரைமார் தமக்கெனக் கழகங்களை அமைத்து ரதல்லையிலும் டிக்கோயா தரவளையிலும் விளையாடி வந்தனர். ஹட்டன் டன்பார் மைதானத்திலும் தோட்டங்களின் சிறு திடல்களிலும் தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் நடைபெறுவதைக் காண்கிறோம். லயத்துப் பிள்ளைகளும் நகரத்துக் கடைக்காரரின் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடுவதையும் காண்கிறோம். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் அணித் தேர்வாளர்கள் தேடுவது கடினப்பந்து ஆட்டத்தை. மென்பந்தில் ஆறு ஓட்டங்களாக விளாசும் இளைஞன், காற்கவசமும் தலைக்கவசமும் செப்பனிட்ட ஆடுகளமும் இன்றி அடுத்த படியில் கால்வைக்க இயலாது. சரிவான நிலம், நீண்ட மழைக்காலம், பயிற்றுநர் பற்றாக்குறை, பெற்றோரின் வருமானம் ஆகிய யாவும் ஒருசேர அவனை மறிக்கின்றன.

முரளிதரனின் பாட்டனார் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்தில் தொழில் புரிய வந்தவர். ஆனால் பேரன் உருவானது தோட்டத்துத் திடலில் அன்று. தந்தையார் கண்டியில் நிறுவிய பிஸ்கட் தொழில் தந்த வசதியும், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியும், வேகப்பந்து வீசிய சிறுவனைச் சுழற்பந்துக்கு மாற்றிய பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் கண்ணும் சேர்ந்தே அவரை உருவாக்கின. பத்திரனவும் கண்டி திரித்துவக் கல்லூரி வழியாகவே 19 வயதுக்குட்பட்ட தேசிய அணிக்குச் சென்றார். யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக ஆடக் கிடைத்த வாய்ப்பின் வழியே வளர்ந்து, 2024இல் ஹசரங்கவுக்குப் பதிலாக ஹைதராபாத் அணியில் இடம்பிடித்தார். அதே ஆண்டு ஓகஸ்டில், காயமடைந்த பத்திரனவும் டில்ஷான் மதுஷங்கவும் விலகியமையால் அழைக்கப்பட்ட மொஹமட் சிராஸ், இந்தியாவுக்கெதிராகத் தமது முதலாவது ஒருநாள் சர்வதேசப் போட்டியில் ஆடினார். இவர்கள் அனைவரின் கதையிலும் பொதுவாக உள்ள அம்சம் ஒன்றே: தேர்வாளரின் கண்ணில் படக்கூடிய ஓரிடத்தில் அவர்கள் நின்றிருந்தனர்.

அந்த இடத்தை மலையகத்தில் உருவாக்க வேண்டியவர்களுள் கண்டியின் பெயரால் ஆடும் அணியும் ஒன்று. 2020 முதல் 2024 வரையான ஐந்து பருவங்களில் அவ்வணி டஸ்கர்ஸ், வொரியர்ஸ், ஃபல்கன்ஸ், பி-லவ் என நான்கு பெயர்களைக் கண்டுவிட்டது. 2023இல் கிண்ணத்தையும் வென்றது. ஆனால் பெயர் நிலைக்காத இடத்தில் வேர் எங்ஙனம் நிலைக்கும்? 2023 ஜூனில் முதன்முறையாக ஏலம் நடைபெற்றபோது ஒவ்வோர் அணிக்கும் 5 இலட்சம் டொலர் ஒதுக்கப்பட்டது. 2024 ஏலத்தில் கண்டியின் பத்திரனவையே கொழும்பு அணிதான் 1 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு வாங்கியது. அத்தொகைகளில் ஒரு சிறு துளி ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஆண்டுக்கொரு தடவை திறந்த தேர்வொன்றை நடத்தவும், சில பாடசாலைகளில் பாய்விரிப்பு ஆடுகளங்களை அமைக்கவும் போதுமானது. பருவகால இடைவெளியில் புதிய வீரரைத் தேடுவது அணிகளின் கடமையெனில், தேடப்படாத மலைகளில் தேடுவது அவற்றுக்கு இலாபமும் ஆகும். 20 இலட்சத்துக்குக் கிடைத்த ஒருவர் மூன்றாண்டுகளில் 18 கோடிக்கு உயர்ந்தமை இதற்குத் தக்க உதாரணம்.

பெற்றோரும் இளைஞரும் ஒன்றை மனங்கொள்ளுதல் நன்று. ஏலத்தின் கோடிகள் கண்ணைக் கூசச்செய்யும். ஆனால் அதே பட்டியலில் விடுவிக்கப்பட்டோரின் வரிசையும் நீண்டது. ஒரு தசைப்பிடிப்பு, ஒரு மோசமான பருவம் போதும், பெயர் நீக்கப்படுவதற்கு. செக்ரோலில் பெயர் விழாத நாளின் வேதனையை அறிந்த சமூகத்துக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே விளையாட்டும் கல்வியும் ஒன்றையொன்று விலக்காமல் வளர வேண்டும்.

பாட்டன்மார் கையில் துண்டுச்சீட்டு இருந்தது. அதில் அவர்களின் கையொப்பம் இருக்கவில்லை. பேரப்பிள்ளைகள் தம் கையாலேயே ஒப்பமிடும் ஒப்பந்தமொன்று மலையகத்தின் ஏதேனும் ஒரு லயத்துக்கு வந்துசேரும் நாள் தொலைவில் இருக்கலாகாது. அதற்கு முதலில் வேண்டியது சமனான ஒரு மைதானமும், அதன் ஓரத்தில் அமர்ந்து கூர்ந்து நோக்கும் ஒரு சோடிக் கண்களுமே.