சேவ் கொடுத்தது எங்கே போனது?

போடி ஏலக்காய்க் கடையில் கணக்கைத் தட்டி ‘சேவ்’ கொடுத்த மறுநொடி கரண்ட் போகிறது. கணக்கு மிஞ்சுமா? சந்தேகம்தான். துண்டுச் சீட்டில் குறித்துவைத்து, ஓய்ந்தபின் பேரேட்டில் ஏற்றுவதுபோல, இயங்குதளத்தின் கருவான கெர்னல் அதை முதலில் நினைவகத்தில்தான் வைக்கிறது. வட்டு மெதுவானது, ஒரே பக்கத்தைப் பத்துமுறை திருத்தினாலும் ஒருமுறை எழுதினால் போதுமே!

லினக்ஸில் வழக்கமாக 5 விநாடிக்கொருமுறை சோதனை. மாறி 30 விநாடி கடந்த பக்கங்கள் வட்டுக்குப் போகும். இந்த ‘அழுக்குப் பக்கங்கள்’ (பெயர் அப்படித்தான்) பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பின்னணியில் எழுத்து தொடங்கும்; 20 சதவீதமானால் எழுதும் நிரலையே நிறுத்திவைக்கும். வைகை அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 69 அடிக்கு மூன்றாவது என்கிற மாதிரி.

டேட்டாபேஸ்கள் இந்தத் தாமத எழுத்தை நம்புவதில்லை. ‘எஃப்சிங்க்’ என்று கேட்டு, வட்டில் ஏறிய பிறகே நகர்கின்றன.