இரக்கத்தால் நேரும் மரணம்

ஆலை விபத்துக்களில் மிகவும் பரிதாபகரமானது இரக்கத்தால் நேரும் மரணமாகும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளி மயங்கி வீழ்கின்றான். அவனைத் தூக்கிவிடக் கருதி மற்றொருவன் இறங்குகின்றான், அவனும் மீள்வதில்லை. அங்கே உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு மிகுந்தபோது மோப்ப சக்தியையே மழுங்கச் செய்துவிடுவதால், நாற்றமும் எச்சரிக்கை செய்வதில்லை.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைக் கொண்ட கள்ளக்குறிச்சி ஜில்லா இவ்விஷயத்தில் சிரத்தை கொள்வது அவசியம். கல்வராயன் மலையினின்று கூலி வேலை தேடி வெளியூர் செல்வோருக்கோ இது உயிர்ப் பிரச்னையாகும்.

தொட்டியில் இறங்காதே என்று பலகையில் எழுதிவைத்தால் போதுமா? தோழன் துடிக்கும்போது பலகை நினைவுக்கு வராது. கைகள் பழகியிருக்க வேண்டும். ஆனால் விஷவாயுவை நிரப்பி வைத்து எவரையும் பழக்க முடியாது. இங்கேதான் மெய்நிகர்க் கருவி பயன்படுகின்றது. அதைத் தலையில் அணிந்தவுடன் தொட்டியும், ஏணியும், வீழ்ந்த தோழனும் கண்முன் தோன்றுவர். காற்றைச் சோதிக்காமல் அவசரப்பட்டு இறங்குவோன் தன் பிழையின் விளைவைக் காண்பான். உயிரை மட்டும் இழக்கமாட்டான். விமானமோட்டிகள் 1930-களிலேயே தரையில் நிறுத்திய போலி விமானத்தில் பயின்றனர். தன்பாத் ஐ.ஐ.டி.யில் சுரங்கத் தொழிலுக்கென இத்தகைய மெய்நிகர்ப் பயிற்சிக்கூடம் இருக்கின்றது. எழுத்தறியாதவரும் இம்முறையில் கற்கலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு.

எனினும் ஓர் எச்சரிக்கை. பயிற்சி கொடுத்துவிட்டோம் என்று கூறி, முதலாளி வாயுமானியையும் சுவாசக் கருவியையும் மீட்புக் கயிற்றையும் வாங்காதிருக்க இது சாக்காகிவிடலாகாது. போபால் விபத்துக்குப் பின், 1987-ல், தொழிற்சாலைச் சட்டத்தில் தொழிலாளியின் பயிற்சி உரிமை சேர்க்கப்பட்டது. ஆயின் ஆலைக்குள் பயிற்சி ‘இயன்றவிடத்து’ என்ற சொல்லும் உடன் சேர்ந்தது. அச்சொல்லின் நிழலில் ஒதுங்கியவர் எத்தனை பேர்! 2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத் தொகுப்பு அதனிடத்தில் வந்திருக்கின்றது. சட்டம் மாறலாம், கடமை மாறாது.

நிரந்தரத் தொழிலாளி ஒருவாறு பயிற்சி பெறுவான். ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் மலைவாசிக்கு அதுவும் இல்லை. தொட்டியில் முதலில் இறக்கப்படுவோனோ பெரும்பாலும் அவனே. கருவி ஒரு பெட்டியில் அடங்குவது. அதை வெள்ளிமலைக்குக் கொண்டுசென்று, வேலைக்குப் புறப்படுமுன் அவனுக்குத் தமிழில் பயிற்சியளிப்பது சர்க்காருக்கு அரிய காரியமன்று. அவன் நெஞ்சின் இரக்கம் அவனுக்கே எமனாகாதபடி காப்பது நமது கடனாகும்.