தொலைவிலிருந்து அறியும் துடிப்பு

மருத்துவரின் முன் அமர்ந்திருக்கையில் இதயம் சீராகத் துடிக்கும். வீடு திரும்பியபின் நள்ளிரவில் தாளம் தவறும். துடிப்புக் கோளாறுகள் பல இவ்வாறு வந்து மறையும் இயல்பின. மருத்துவமனையில் சில நொடிகளே எடுக்கப்படும் இதய மின்வரைவில் அவை அகப்படாமற்போவதில் வியப்பில்லை. ஆனால், அகப்படாத கோளாறு ஆபத்தற்றது அன்று. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும்போது குருதி அங்குத் தேங்கி உறையக்கூடும். அவ்வுறைகட்டி மூளையின் குருதிக்குழாயை அடைத்தால் பக்கவாதம் நேரும். நோயாளியோ அதுவரை எதையும் உணராதிருத்தலும் உண்டு.

தொலைவிலிருந்து இதயத்தை அறியும் முயற்சி நூறாண்டுக்கும் மேற்பட்டது. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் எயின்தோவன் உருவாக்கிய கருவி இடம்பெயர்க்க இயலாத அளவு பெரியது. ஆகவே அவர் 1905இல், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மருத்துவமனை நோயாளிகளின் இதய மின்னலைகளைத் தொலைபேசிக் கம்பிவழியே தம் ஆய்வகத்திற்கு வருவித்துப் பதிவுசெய்தார். நோயாளி உப்புநீர்க் கலங்களில் கைகால்களை அமிழ்த்தி அசையாதிருக்க வேண்டும்.

நடமாடும் மனிதரின் துடிப்பைப் பதிவுசெய்ய வழிகண்டவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து நார்மன் ஹோல்டர். முதுகில் சுமக்கவேண்டிய அவரது முதற்கருவியின் எடை ஏறத்தாழ 38 கிலோகிராம்! நோயுற்ற இதயம் தாங்கும் சுமையா அது? அவர் பெயரால் வழங்கும் கருவி இன்று சட்டைப்பையில் அடங்குகிறது. தோலுக்கடியில் பொருத்தப்படும் சிறு பதிவியோ ஆண்டுக்கணக்கில் கண்காணித்து, தாளம் பிறழ்ந்த செய்தியை வீட்டிலிருந்தே மருத்துவருக்கு அனுப்புகிறது.

எனினும், தசையசைவால் எழும் போலி அலைகளையும் கருவி கோளாறெனக் காட்டுவதுண்டு. பயிற்சி பெற்றோர் வரைவைச் சரிபார்த்த பின்னரே உறைவெதிர் மருந்து தருவது பற்றி முடிவுசெய்யப்படுகிறது.