விடுமுறையில் வீட்டு அறையே பாலர் பள்ளி

சித்திரை விடுமுறைக்கு முன்பள்ளி பூட்டிவிட்டது. ஊரில் பிள்ளைக்கு வளவும் வரம்பும் கிணற்றடியும் இருந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே அறையில் குடியிருப்போர் என்ன செய்யலாம்? கமக்காரரின் கைப்பழக்கமே இதற்குப் போதும்.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1939 இல் இந்தியாவுக்கும் 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்தார். ஊற்றுதல், பிரித்தல், துடைத்தல் போன்ற வீட்டு வேலைகளே சிறு பிள்ளையின் கையை எழுத்துக்கு ஆயத்தம் செய்யும் என்பது அவர் காட்டிய வழி.

சுளகில் பயறு, உளுந்து, கடலை மூன்றையும் கலந்து கொடுங்கள். பிள்ளை வேறாக்கி எண்ணட்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இது வேண்டாம். மூக்கிலோ தொண்டையிலோ போய்விடும். மூத்த பிள்ளையானாலும் அருகில் இருங்கள்.

இரவு ஊறவிட்ட பயற்றை ஈரச்சீலையில் முடிந்து வையுங்கள். இரண்டொரு நாளில் முளை தெரியும். சிரட்டையில் மண் போட்டு நட்டு, ஜன்னலடியில் வைத்து, ஈர்க்கால் உயரம் அளக்கட்டும். ஊரில் எப்படி விதைத்தோம் என்பதை அப்பா அப்போது சொல்லலாம். வயலைக் காணாத பிள்ளை தன் ஊரை அப்படித்தான் அறியும்.

காலி வீதியில் 100, 101 என்ற பஸ் இலக்கங்களை வாசிக்கட்டும். கொட்டாஞ்சேனையில் கோயில் மணியை எண்ணட்டும். வெள்ளவத்தைக் கடற்கரை ஈரமணலில் விரலால் ‘அ’ எழுதட்டும். ரயில் பாதையை மட்டும் கைபிடித்தே கடவுங்கள்.

நாளுக்கு அரை மணி போதும். பிழைத்தால் ஏசாமல் மறுபடி செய்து காட்டுங்கள். முன்பள்ளிக் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளையும், ஐந்து வயது நிறைந்து முதலாம் தரத்துக்குப் போகும்போது பின்நிற்காது.