டயரில் எழுதிய பாரம்

வேன் டயரின் பக்கவாட்டில் ‘104/102’ என்பது போன்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். இவை கிலோ அல்ல, குறியெண்கள். உரிய காற்றழுத்தத்தில் ஒரு டயர் 900 கிலோ தாங்கும் என்பதே 104. பின் அச்சில் பக்கத்திற்கு இரண்டு டயர்களை அடுத்தடுத்துப் பூட்டினால், சாலை மேடுபள்ளத்தில் சுமை சமமாகப் பிரியாது. எனவே அப்போது 102, அதாவது டயருக்கு 850 கிலோதான்.

பிரிட்டனில் வேனைச் சோதிப்பவர், தகட்டில் பொறித்த அச்சுப் பளுவுடன் இதை ஒப்பிடுகிறார். அச்சுக்கு 1,750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 104 குறியுள்ள இரு டயர்கள் 1,800 கிலோ தாங்கும், போதும். மலிவாகக் கிடைத்ததென்று 91 குறியுள்ள கார் டயர்களை மாட்டினால்? 615 வீதம் 1,230 கிலோதான்! டயர் புத்தம் புதிதாயிருக்கலாம், வண்டியும் காலியாக வந்திருக்கலாம், தேறாது. நாளை பாரம் ஏறும்போது அந்த டயர் அளவுக்கு மீறி நெளியும், சூடேறும், ஓட்டத்திலேயே வெடிக்கவும் கூடும்.