சின்ன அறை நிறைந்தால் சர்வர் பேக்கப் நிற்கும்



பேரேடும் சிட்டையும் இருந்த காலத்தில், கணக்கு தொலைந்தது என்றால் நோட்டு தொலைந்தது என்று பொருள். இன்று பில், இருப்பு, பாக்கி எல்லாமே சர்வர் என்னும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அதற்கு நகல் எடுத்து வைப்பதுதான் பேக்கப். எங்கள் மண்டியில் தினமும் இரவு அது தானாக ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். 2018 ஆடி மாதம் ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தபோதுதான், கடைசியாக ஒழுங்காக பேக்கப் எடுத்து நான்கு மாதம் ஆகிவிட்டது என்று தெரிந்தது. வெளியூர்க் கடைகளில் நிற்கும் பாக்கி முழுவதும் அந்த டிஸ்கில். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

சர்வரை விற்றவர்களைக் கேட்டோம். "இடம் போதவில்லை என்று வருகிறது, பெரிய டிஸ்க் வாங்குங்கள்" என்றார்கள். பேக்கப் போகும் டிஸ்கிலோ பாதிக்கு மேல் காலி! இடம் போதாமல் இருந்தது வேறொரு மூலையில்.

குடோனைத் தடுப்பு வைத்துப் பிரிப்பது போல ஹார்டு டிஸ்கையும் பிரிக்கிறார்கள். அதுதான் பார்ட்டிஷன். சி டிரைவ், டி டிரைவ் நம் கண்ணுக்குத் தெரியும். இவை தவிர விண்டோஸ் தானாகவே முன்பக்கம் ஒரு சின்ன அறையை ஒதுக்கிக்கொள்கிறது. 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்று பெயர். எழுத்து கொடுக்கப்படாததால் திரையில் தெரியாது. எங்களிடம் அப்போது இருந்த விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வில் இந்த அறை 100 எம்.பி. மட்டுமே.

பேக்கப் எடுக்கும்போது விண்டோஸ் ஒவ்வொரு அறையையும் ஒரு நிழல் படம் பிடிக்கிறது. ஷாடோ காப்பி என்பார்கள். வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, மாலை 6 மணி இருப்பு என்று எழுதிக்கொள்வதைப் போன்றது. அந்தப் படம் பிடிக்க அந்தந்த அறையில் காலி இடம் வேண்டும். 500 எம்.பி.க்குக் குறைந்த அறை என்றால் 50 எம்.பி., அதற்கு மேற்பட்டது என்றால் 320 எம்.பி. முழு சர்வரையும் பேக்கப் எடுக்கச் சொல்லியிருந்தால், ஒரு அறையில் இடம் இல்லாவிட்டாலும் மொத்தமும் நின்றுவிடும். எங்கள் 100 எம்.பி. அறையில் கம்ப்யூட்டர் எழுந்திருப்பதற்கான கோப்புகள் கொஞ்சம். மிச்சத்தில், விண்டோஸ் எழுதிவைக்கும் யூ.எஸ்.என். ஜர்னல் என்ற நடப்புக் குறிப்பு வளர்ந்து இடத்தை அடைத்துவிட்டது. 50 மிஞ்சவில்லை. அவ்வளவுதான் கோளாறு. நான்கு மாதம்!

தெரிந்த ஒருவர் மூலம் வந்த டெக்னீஷியன் தம்பி முதலில் பார்ட்டிஷனைத் தொடவே இல்லை. கணக்கு போல்டர் முழுவதையும் வெளி டிஸ்கில் நகல் எடுத்து, அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். அதன் பிறகே வேலையில் இறங்கினார். அந்த அறைக்குத் தற்காலிகமாக ஒரு எழுத்து கொடுத்து, எப்.எஸ்.யூட்டில் கட்டளையால் ஜர்னலை அழித்து, எழுத்தைத் திரும்ப எடுத்துவிட்டார். நிழல் படத்துக்கான இடத்தை வேறு டிரைவில் ஒதுக்கிக் கொடுக்கும் வழியும் உண்டாம். அன்று இரவே பேக்கப் முடிந்தது. சத்தம் போட்ட டிஸ்கை அந்த வாரமே மாற்றினோம்.

இடையில் இரண்டு தவறான யோசனைகள் வந்தன. அந்த அறை வீண்தானே, அழித்துவிடலாம் என்றார் ஒருவர். அழித்தால் சர்வர் எழுந்தே இருக்காது. சி டிரைவைச் சுருக்கி இடம் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். சுருக்கினால் காலி இடம் சி டிரைவின் பின்பக்கம் கிடைக்கும். சின்ன அறையோ முன்பக்கம். கடைசிக் கடை காலியானால் முதல் கடைக்காரர் சுவரை இடித்து நீட்டிக்கொள்ள முடியுமா? விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பக்கத்திலேயே ஒட்டி இருக்கும் காலி இடத்தைத்தான் சேர்க்க முடியும்.

நம்மவர்கள் பலர் சி டிரைவின் நகலை டி டிரைவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இரண்டும் ஒரே டிஸ்க் என்றால், அது போனால் இரண்டும் போகும். வெளி டிஸ்க் வாங்கும்போதும் கவனம் தேவை. 2 டி.பி.க்கு மேற்பட்ட டிஸ்கை பழைய எம்.பி.ஆர். முறையில் வைத்தால் 2 டி.பி.க்கு மேல் பயன்படாது; ஜி.பி.டி. முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அதுவும் காலியாக இருக்கும்போதே. விண்டோஸ் சர்வர் பேக்கப்பில் ஒரு டிஸ்கை பேக்கப்புக்கென்றே ஒதுக்கினால், அதில் முன்பு இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்ளும். பேத்தியின் கல்யாண வீடியோ இருந்த டிஸ்கைக் கொடுத்துவிட்டு வருந்தியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

இது நம் சௌகரியத்துக்கான விஷயம் மட்டும் இல்லை. ஜி.எஸ்.டி. சட்டம் 36-வது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கு என்றால், அழிந்துபோனாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைக்க வேண்டும் என்று 57-வது விதி சொல்கிறது. டிஸ்க் போய்விட்டது என்று அதிகாரியிடம் சொல்லி முடிக்க முடியாது.

இப்போது எங்கள் மண்டியில் இரண்டு வெளி டிஸ்க்குகள். ஒன்று சர்வரில் இருந்தால் மற்றொன்று வீட்டு பீரோவில், சனிக்கிழமை மாறும். காலையில் கல்லாப்பெட்டி திறந்ததும் கணக்குப்பிள்ளை இரவு பேக்கப் முடிந்ததா என்று பார்த்து, நாள்வழி நோட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மாதம் ஒரு முறை பழைய பில் ஒன்றின் எண்ணை நாங்கள் சொல்வோம், அவர் அதை பேக்கப்பிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும்.